தைப்பனி, கந்தப்பளை

விடிய மூன்றரைக்கு
நுவரெலியா விடுதி வாசலில் வேனைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.
முன்கண்ணாடியில் படிந்திருந்ததைத்
தீர்ந்துபோன ரீலோட் அட்டையால் சுரண்டினேன்.
மெல்லிசு. காய்ச்சி ஆறிய பாலின் ஆடை மாதிரி.

புமிக்கோ அம்மா வந்தார்.
அறுபது கடந்திருக்கும். இரண்டு சோடி காலுறை.
அவர் ஊரில் இந்த மாதம்
கதவைத் திறந்தால் வெள்ளைச் சுவர்தான் நிற்குமாம்.
மேல்மாடி ஜன்னலால் கடைக்குப் போவார்களாம்.
தலையாட்டினேன்.
பயணிகள் சொல்வதற்குத் தலையாட்டுவது
என் தொழிலில் பாதி.

"இந்தத் தீவில் உறைபனி என்று பத்திரிகையில் பார்த்தேன்.
நம்பவில்லை.
அதனால்தான் வந்தேன்."

கந்தப்பளைக்குப் போகும் வளைவுகளில்
ஒரு சொல் சொல்லிக்கொடுத்தேன்: பனி.
புல்லில் இருக்கிறதே?
பனி.
இப்போது ரோட்டை மறைப்பது?
அதுவும் பனி.
எங்கள் ஊரில் கூரைமேல்?
அதுவுந்தான்.
"பாவம்" என்றார்,
"ஒரே ஆளுக்கு இவ்வளவு வேலையா."

தமிழை விட்டுக்கொடுக்க மனமில்லை.
பழமொழியை எடுத்தேன்:
தைப்பனி தரையைத் துளைக்கும்
மாசிப்பனி மச்சைத் துளைக்கும்.
மச்சு என்றால் இது என்று
ஸ்டியரிங்கை விட்டு வேன் கூரையைத் தட்டினேன்.
இதற்கு அவர் சிரிக்கவில்லை.
தட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சன்னாசியின் காணி சரிவின் அடியில்.
குளிர் தண்ணீரைப்போலத்தான், பள்ளம் பார்த்து நிற்கும்.
டோர்ச் வெளிச்சத்தில் பாத்தி முழுக்க
யாரோ உப்பைக் கொட்டிவிட்டுப் போனதுபோல.
லீக்ஸ் தாங்கும்.
கிழங்குதான் இலையைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது.

ரோட்டில் கொழும்பு நம்பர் கார் மூன்று.
பொடியன்கள் புல்லை வழித்து உருண்டை பிடிக்கப் பார்த்தார்கள்.
கையில் தண்ணீர்தான் மிஞ்சியது.

சன்னாசிக்குப் பேச நேரமில்லை.
வெயில் தொடுமுன் கழுவ வேண்டும்.
தொட்டால் வெந்து கருகிவிடும்,
நெருப்பு வைத்ததுபோல.
"மேல பாருங்க" என்றார், ஹோஸைக் கீழே போடாமலே.
"ஏழாம் நம்பர் மலை முச்சூடும் பழுப்பு.
கொழுந்து இல்ல. எங்க வீட்டுக்கு
இந்தக் கிழமை அரைப்பேருதான்."
அவர் மனைவி பவளக்கொடி
கம்பளியைத் தலையோடு போர்த்தி
பூவாளியோடு நாலாவது பாத்தியில் நின்றார்.
ஒருவரும் பனியைப் பார்க்கவில்லை.
இலையை மட்டும் பார்த்தார்கள்.

புமிக்கோ அம்மா படம் எடுக்கவில்லை.
கையுறையைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.
மூலையில் கிடந்த இன்னொரு பூவாளியை எடுத்தார்.
"ஐயோ, வேணாம்னு சொல்லுங்க தம்பி" என்றார் பவளக்கொடி.
சொன்னேன்.
என் ஆங்கிலம் அவருக்கு விளங்கவில்லை,
அல்லது விளங்கியது.

குனிந்து, வரிசை மாறாமல்,
வேரில் ஊற்றாமல் இலையில் மட்டும்.
வெள்ளை பச்சையாகிக்கொண்டே போனது.
கிழக்கே சவுக்கு மரங்களுக்குப் பின்னால்
வானம் வெளுப்பதை மூன்று பேரும்
கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசிப் பாத்தி தப்பவில்லை.
வெயில் முந்திக்கொண்டது.

பிளேன்டீ வந்தது, சீனியைத் தனியே கையில் கொடுத்தார்கள்.
விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன.
கோப்பையை இரு கையாலும் பிடித்தபடி
என்னிடம் மட்டும் சொன்னார்:
"என் கணவர் கூரையில் இருந்தார். மண்வெட்டியோடு.
பெப்ரவரி."
இடதுகையைச் சரித்து
வலதுகையை அதன்மேல் வழுக்கவிட்டார்.
மெல்ல. பிறகு வேகமாக.

சன்னாசி என்னைப் பார்த்தார், என்ன சொல்றாங்க என்று.
பழமொழி சொன்னாங்க என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் மடியில்
அவர்கள் கொடுத்த லீக்ஸ் கட்டு,
ஈரமாய், மண்ணோடு.
விடுதி வாசலில் இறங்காமல் கேட்டார்:
"மாசிக்கு இன்னும் எத்தனை நாள்?"
விரல்விட்டு எண்ணினேன். பதினெட்டு.
"அதற்குள் போக வேண்டும்.
இந்த வருடம் கூரையில் ஏற
இன்னும் ஆள் சொல்லவில்லை."

லீக்ஸை விமானத்தில் விடமாட்டார்கள் என்று
சீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.
இரவு சமைத்தோம்.
வேன் இரண்டு நாள் மணத்தது.
எல்ல போன வெள்ளைக்காரப் பெண்
மூக்கைச் சுளித்துக் கேட்டாள், என்ன வாசம் இது?

பனி என்றேன்.